ஒரு பிரெஞ்சு காலாட்படை டிவிஷனின் வரலாற்றைத் தேடுவது எப்படி? 5வது டிவிஷனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் உலகப்போரைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் பலரும் ஒரு கட்டத்தில் தடுமாறி நிற்பார்கள். பெரிய வரலாறுகளில் தளபதிகளும் வரைபட அம்புகளும் மட்டுமே தெரியும். சிப்பாய் எழுதிய கடிதத்திலோ பதுங்குகுழியில் அவர் நின்ற பத்தடி மண் மட்டுமே தெரியும். இரண்டையும் இணைக்கும் கண்ணி டிவிஷன். ஏறத்தாழ 15,000 பேர், சொந்தமாகப் பீரங்கிகள், ஒரே தளபதி, ஒரே பெயர். ஒரு போரைக் கீழிருந்தும் மேலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்க இதைவிடப் பொருத்தமான அளவு வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதைச் செய்யப் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான ஆவணங்கள் இலவசமாக இணையத்தில் கிடக்கின்றன. எங்கே, எந்த வரிசையில், எதை எவ்வளவு நம்பிப் படிப்பது என்று தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு பிரான்சின் 5வது காலாட்படை டிவிஷனை எடுத்துக்கொள்கிறேன். 1916இல் வடகிழக்குப் பிரான்சின் வெர்தனில் துவோமோன் கோட்டையின் முதுகில் ஏறியவர்கள் இவர்கள். அதே டிவிஷனைச் சேர்ந்தவர்கள்தான் ஒரு வருடம் கழித்து மறுபடி முன்னணிக்குப் போக மறுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இரண்டில் எதுவும் புரியாது.

முதல் படி: எண்ணைச் சரிபாருங்கள்

"5வது டிவிஷன்" என்று ஓர் இடத்தில் பார்த்ததும் தேட உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த ஆண்டின் 5வது என்று முதலில் கேளுங்கள். 1940 மே மாதம், இரண்டாம் உலகப்போரில், பெல்ஜியத்தின் மெஸ் நதிக்கரையில், ஜெர்மன் தளபதி ரோமெல் நதியைக் கடந்த ஊ கிராமத்தருகே நின்றதும் ஒரு 5வது டிவிஷன்தான். ஆனால் அது மோட்டார் வண்டிகளில் நகர்ந்த காலாட்படை டிவிஷன். அதற்குள் 39வது, 129வது ரெஜிமென்ட்டுகளும் இருந்தன. 1914இன் 5வது டிவிஷனிலும் இதே இரண்டு எண்கள் உண்டு! ஆண்டைக் கவனிக்காதவர் இரண்டு போர்களையும் குழப்பிக்கொள்ள இது ஒன்றே போதும்.

1914இல் எண்களுக்கு ஒரு வரிசை இருந்தது. சிறிய எண்கள் அமைதிக்காலத்திலேயே இருந்த நிரந்தர டிவிஷன்களுடையவை. 51 முதல் 75 வரை உள்ளவை இருப்புப் படையினரைக் கூட்டி அமைத்த டிவிஷன்கள். 80களில் தொடங்குபவை வயதில் மூத்த 'டெரிட்டோரியல்' சிப்பாய்களுக்கானவை. ரெஜிமென்ட்டுகளிலும் ஒரு சூத்திரம் உண்டு: நிரந்தர ரெஜிமென்ட்டின் எண்ணோடு 200ஐக் கூட்டினால் அதன் இருப்பு ரெஜிமென்ட் வரும். ரூவான் நகரின் 74வது ரெஜிமென்ட்டுக்கு அதே நகரின் 274வது ரெஜிமென்ட் தம்பி மாதிரி. இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் தேடலில் பல மணி நேரம் மிச்சமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. பிரெஞ்சு ராணுவத்தில் 5வது காலாட்படை ரெஜிமென்ட்டும் 5வது 'கொலோனியால்' (காலனிப் படையின்) காலாட்படை ரெஜிமென்ட்டும் வெவ்வேறு. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலிருந்து முன்னோரைத் தேடி இந்த வேலையில் இறங்குபவர்கள் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு ரெஜிமென்ட் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால், முற்றிலும் வேறு ஒரு படையின் கதைக்குள் போய் நிற்பீர்கள். ஆவணத்தில் 'கொலோனியால்' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: டிவிஷனின் உடம்பை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து மரம் மாதிரி வரையுங்கள். 1914 ஆகஸ்டில் ஒரு டிவிஷனுக்கு இரண்டு பிரிகேட், ஒவ்வொரு பிரிகேடுக்கும் இரண்டு ரெஜிமென்ட், ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் மூன்று பட்டாலியன், ஒவ்வொரு பட்டாலியனுக்கும் நான்கு கம்பெனி. கம்பெனிக்குச் சுமார் 250 பேர். இதோடு 75 மில்லிமீட்டர் பீரங்கிகள் 36, ஒரு குதிரைப்படைப் பிரிவு, பொறியியல் கம்பெனி.

5வது டிவிஷனின் மரத்தில் 9வது பிரிகேடின் கீழ் 39, 74 ஆகிய ரெஜிமென்ட்டுகள் வரும். 10வது பிரிகேடின் கீழ் 36, 129. ஊர்களையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 39க்கும் 74க்கும் ரூவான், 36க்கு கான், 129க்கு துறைமுக நகரான லெ ஆவ்ர். நான்குமே நார்மண்டி. போரின் தொடக்கத்தில் ரெஜிமென்ட் என்றால் ஒரு வட்டாரத்து இளைஞர்கள் என்றே அர்த்தம். ஒரு கெட்ட நாள் வந்தால் ஒரே மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான வீடுகளில் சாவுச் செய்தி வரும். போர் நீள நீள வேறு வட்டாரத்து ஆட்கள் வந்து கலந்தார்கள்.

இந்த மரம் கடைசிவரை இப்படியே இருக்காது. 1916 கடைசியிலிருந்து பிரெஞ்சு டிவிஷன்கள் மூன்று ரெஜிமென்ட்டாகச் சுருங்கின. பிரிகேட் என்ற படியே எடுக்கப்பட்டது. பட்டாலியனின் நான்காவது கம்பெனி போய் அந்த இடத்தில் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனி வந்தது. ரெஜிமென்ட்டுகள் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. எனவே தாளின் மேல் ஓரத்தில் தேதி போடுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய தாள். சோம்பல்பட்டு ஒரே தாளில் அடித்துத் திருத்தினால் 1917ஐத் தொடும்போது அவதிப்படுவீர்கள்.

மூன்றாம் படி: முதுகெலும்பைக் கண்டுபிடியுங்கள்

பிரெஞ்சு ராணுவமே வெளியிட்ட 'பெரும் போரில் பிரெஞ்சுப் படைகள்' என்ற அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகள் உண்டு. ஆய்வாளர்கள் இதை ஏ.எஃப்.ஜி.ஜி. என்பார்கள். உங்களுக்கு வேண்டியது பத்தாம் தொகுதியின் இரண்டாம் பகுதி. ஒவ்வொரு டிவிஷனும் எந்தத் தேதியில் எங்கே இருந்தது, யார் தளபதி, எந்த ரெஜிமென்ட் எப்போது வந்தது, எப்போது போனது, டிவிஷனுக்கு மேற்படிகளான கோர், ஆர்மி ஆகியவற்றில் எந்தக் கோருக்கும் எந்த ஆர்மிக்கும் கீழ் இருந்தது என்று சுருக்கமாகத் தந்துவிடும். பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் காலிகா தளத்தில் படிக்கலாம்.

அதன் மொழி ரயில் கால அட்டவணை மாதிரி வறண்டது. அதனால்தான் நம்பலாம். அதிலிருந்து ஒரு காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். 5வது டிவிஷனுக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்: 1914 ஆகஸ்டில் ஜெனரல் லான்ரெஸாக்கின் 5வது ஆர்மியில், ஷார்லெருவா அருகே சாம்ப்ர் நதிக்கரை. பின்வாங்கல். ஆகஸ்ட் 29இல் கீஸ் சண்டை. செப்டம்பரில் மார்ன். அப்புறம் ரேம்ஸ் நகருக்கு வடக்கே பதுங்குகுழி வாழ்க்கை. 1915 கோடையில் ஆர்த்துவா வட்டாரம், நவீல்-சேன்-வாஸ்த் கிராமம். அதே ஆண்டு செப்டம்பரில் விமி மேட்டுப் பகுதியில் தோற்றுப்போன தாக்குதல். 1916 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வெர்தன். பிறகு லேஸ் எபார்ழ். 1917 மே கடைசியில் சுவாஸோன் அருகே.

மார்ன் சண்டைக்குச் சற்று முன் தளபதி மாறியதையும் இதே தொகுதியில் பார்ப்பீர்கள். ஜெனரல் வெரியே போய், ஜெனரல் ஷார்ல் மான்ழன் வந்தார். தாக்கு, மறுபடி தாக்கு என்பதே அவர் வழி. டிவிஷனின் அடுத்த இரண்டு வருடங்களை அவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது.

நான்காம் படி: நாட்குறிப்புகளுக்குள் இறங்குங்கள்

இந்த வேலையின் இதயம் இதுதான். ஒவ்வொரு பிரெஞ்சுப் படைப்பிரிவும் தினசரி நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். 'ழுர்னால் தே மார்ஷ் ஏ ஒபெராசியோன்' என்பது அதன் பெயர், சுருக்கமாக ஜே.எம்.ஓ. மூலப் பிரதிகள் பாரிஸை ஒட்டிய வான்சேன் கோட்டையில், ராணுவ வரலாற்று ஆவணக்காப்பகத்தின் 26 என் என்ற வரிசையில் உள்ளன. படமெடுக்கப்பட்ட பக்கங்களை பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெம்வார் தேஸ் ஓம்' தளத்தில் பார்க்கலாம். டிவிஷன், பிரிகேட், ரெஜிமென்ட் என ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனி.

முதலில் டிவிஷனின் நாட்குறிப்பு, பிறகு ரெஜிமென்ட்டினுடையது என்ற வரிசையில் படியுங்கள். என்ன கட்டளை வந்தது, அது எப்போது கீழே போனது என்பது டிவிஷன் நாட்குறிப்பில் இருக்கும். அந்தக் கட்டளை சேற்றில் கால் வைத்தபோது என்ன ஆனது என்பது ரெஜிமென்ட் நாட்குறிப்பில். இரண்டிலும் ஒரே நிகழ்ச்சிக்கு வெவ்வேறு நேரம் இருந்தால் சந்தோஷப்படுங்கள். முன்னணிக்கும் தலைமையகத்துக்கும் இடையே செய்தி எவ்வளவு தாமதமாகப் போனது என்று அந்த வித்தியாசம் சொல்லும். தொலைபேசிக் கம்பிகள் குண்டில் அறுந்து, ஓட்டக்காரர்களையும் புறாக்களையும் நம்பியிருந்த வெர்தனில் அந்தத் தாமதம்தான் பல பேரின் உயிரைத் தீர்மானித்தது.

கையெழுத்து முதலில் பயமுறுத்தும். இரண்டு மூன்று நாள் ஒரே எழுத்தரின் கையெழுத்தோடு இருந்தால் கண் பழகிவிடும். சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'ரெலேவ்' என்றால் ஒரு படை போய் இன்னொன்று அந்த இடத்தை ஏற்பது. 'பெர்த்' இழப்புகள். 'துவே' கொல்லப்பட்டவர்கள், 'ப்லெஸே' காயமடைந்தவர்கள், 'திஸ்பாரு' காணாமல் போனவர்கள். 'புவா' காடு. 'கோத்' என்று ஓர் எண்ணோடு வந்தால் அது மேடு, எண் அதன் உயரம் மீட்டரில். பல இடங்களில் கையால் வரைந்த சிறு வரைபடங்களும் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். சமயத்தில் நான்கு பக்கம் படித்தும் புரியாததை ஒரு பென்சில் கோடு புரியவைத்துவிடும்.

நாட்குறிப்பு என்றாலும் சண்டை நடந்த அன்றே எழுதியதாக நினைக்காதீர்கள். கடும் சண்டை நாட்களுக்கான பதிவு, படை பின்வரிசைக்கு வந்த பிறகு, உயிரோடு மிஞ்சியவர்களைக் கேட்டு எழுதப்பட்டிருக்கலாம். மூன்று நாள் விவரங்கள் ஒரே மையில், ஒரே சீரான எழுத்தில் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாம் படி: ரெஜிமென்ட் வரலாறுகளை அளந்து பயன்படுத்துங்கள்

போர் முடிந்ததும் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் 'இஸ்தோரிக்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. பெரும்பாலும் எழுதியவர் பெயர் இருக்காது. காலிகாவில் நிறைய கிடைக்கின்றன. அச்சு எழுத்து என்பதால் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பதும் சுலபம். தளபதிகளின் பெயர்கள், இடங்களின் வரிசை, இறந்தோர் பட்டியல் ஆகியவற்றுக்கு இவை உதவும். ஆனால் இவை வீடு திரும்பிய சிப்பாய்க்கும் மகனை இழந்த தாய்க்கும் கொடுக்க எழுதியவை. தோல்வியும் தியாகமாகத்தான் சொல்லப்படும். கலகம் பெரும்பாலும் சொல்லப்படவே படாது. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒரு நாளை எடுத்து அடிவரை போங்கள்

டிவிஷனின் நான்கு வருடத்தையும் ஒரே ஆழத்தில் எழுத முயன்றால் முடிக்கவே மாட்டீர்கள். ஒன்றிரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். 5வது டிவிஷனுக்கு அந்த நாள் எனக்குச் சந்தேகமே இல்லாமல் 1916 மே 22.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெர்தனின் மிகப் பெரிய கோட்டையான துவோமோன், பிப்ரவரி 25 அன்று கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. மே தொடக்கத்தில் வெர்தன் பாதுகாப்பை நடத்திய ஜெனரல் பெதேன் ஒரு படி மேலே அனுப்பப்பட, அங்கே போரிட்ட 2வது ஆர்மி ஜெனரல் நிவேலின் பொறுப்புக்கு வந்தது. மே 8இல் கோட்டைக்குள் நடந்த பெரும் வெடிவிபத்தில் 600க்கும் மேற்பட்ட ஜெர்மன் சிப்பாய்கள் இறந்தார்கள். கோட்டையைத் திரும்பப் பிடிக்கும் வேலை மான்ழனின் டிவிஷனுக்கு வந்தது.

பல நாள் குண்டுவீச்சுக்குப் பிறகு மே 22 முற்பகல் 11.50க்குக் காலாட்படை எழுந்தது. நடுவில் 129, இடப்பக்கம் 36, வலப்பக்கம் 74. நண்பகலுக்குள் 129வது ரெஜிமென்ட்டின் ஆட்கள் கோட்டையின் மேற்கூரையில் நின்றார்கள். மேலே மட்டும்தான். காலுக்குக் கீழே, கான்கிரீட் கூடங்களில், ஜெர்மன் படை பத்திரமாக இருந்தது. வலப்பக்கம் தாக்குதல் முறிந்ததால் பக்கவாட்டிலிருந்தும் அடி விழுந்தது. மே 24இல் ஜெர்மானியர் எதிர்த்தாக்குதலில் எல்லாவற்றையும் திரும்பப் பிடித்தார்கள். கோட்டை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அக்டோபர் 24இல்தான். பிடித்தது வேறு ஒரு டிவிஷனைச் சேர்ந்த மொராக்கோ கொலோனியால் காலாட்படை ரெஜிமென்ட்.

இதை எப்படித் தோண்டுவது? நான்கு ஆவணங்களை அருகருகே திறந்து வையுங்கள். டிவிஷன் நாட்குறிப்பு, 129இன் நாட்குறிப்பு, 74இன் நாட்குறிப்பு, கோட்டையின் வரைபடம். மணிவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். முதல் வெற்றிச் செய்தி எப்போது தலைமையகத்துக்குப் போனது, கோட்டையின் உட்புறம் இன்னும் எதிரி வசம் என்பது எப்போது உறைத்தது, கூடுதல் ஆள் வேண்டும் என்ற கோரிக்கை எப்போது வந்தது, அதற்குப் பதில் என்ன என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தால், ஒரு தாக்குதல் எந்த மணியில் தோற்றது என்பதை நீங்களே சொல்லும் நிலைக்கு வருவீர்கள். ஜெர்மன் தரப்பு ரெஜிமென்ட் வரலாறுகளும் 1920களில் நிறைய அச்சாகின. அவற்றையும் சேர்த்தால் கூரைக்கு மேலும் கீழும் ஒரே நேரத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

ஏழாம் படி: கலகத்தை எங்கே தேடுவது

1917 ஏப்ரல் 16இல், அப்போது தலைமைத் தளபதியாகியிருந்த நிவேல் வட பிரான்சின் ஷெமன் தே தாம் மேட்டில் தொடங்கிய தாக்குதல் தோற்றது. மே மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல டிவிஷன்களில் சிப்பாய்கள் முன்னணிக்குப் போக மறுத்தார்கள். 5வது டிவிஷனில் மே 28ஐ ஒட்டிய நாட்களில் 129வது, 36வது ரெஜிமென்ட்டுகள் மறுத்தன. கும்பலாகக் கொள்ளையடித்துக்கொண்டு ஓடவில்லை. ஒழுங்காக அணிவகுத்துப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் மற்ற சிப்பாய்களையும் அழைத்தார்கள், அதிகாரிகளிடம் கோரிக்கையைச் சொன்னார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போன விடுப்பு, அர்த்தமில்லாத தாக்குதல்கள், சமாதானம், வீட்டில் குடும்பம் படும் பாடு.

துவோமோன் கூரையில் நின்ற அதே 129! கோழைத்தனம் என்ற விளக்கம் இங்கே நிற்காது. தாக்குதல் என்றால் என்ன, அதில் எவ்வளவு செலவாகும், என்ன கிடைக்கும் என்று அந்த ரெஜிமென்ட்டுக்கு நேரடியாகத் தெரியும். நவீல்-சேன்-வாஸ்த் முதல் வெர்தன் வரை நீங்கள் போட்ட காலவரிசையே அவர்களின் வாதம்.

இதற்கான ஆதாரத்தை நாட்குறிப்பில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மூன்று இடங்களில் தேட வேண்டும். ஒன்று, சிப்பாய்களின் கடிதங்களைத் திறந்து படித்த தபால் கண்காணிப்பு அறிக்கைகள், வான்சேன் காப்பகத்தின் 16 என் வரிசையில். இரண்டு, ராணுவ நீதிமன்றக் கோப்புகள். மூன்று, மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் பட்டியல், 2014இலிருந்து மெம்வார் தேஸ் ஓம் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. 129வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த நான்கு பேர் 1917 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிவேலின் இடத்துக்கு வந்திருந்த பெதேன் மறுபக்கம் விடுப்பைச் சீராக்கினார், நான்கு மாதத்துக்கு 7 நாள் என்று. கோரிக்கையில் நியாயம் இருந்ததை ராணுவமே ஒப்புக்கொண்டது மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

எட்டாம் படி: நிலத்தைப் பாருங்கள்

வரைபடம் இல்லாமல் எழுதிய டிவிஷன் வரலாறு வாசகனைக் களைப்படையச் செய்யும். பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளத்தில் பழைய ராணுவ வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். துவோமோன் கிராமமே இன்று இல்லை, போரில் அழிந்து மறுபடி கட்டப்படாத ஊர்களில் அதுவும் ஒன்று. குண்டுக்குழிகள் மேல் காடு வளர்ந்துவிட்டது. நாட்குறிப்பில் வரும் 400 மீட்டரைப் படத்தில் அளந்து பார்த்தால் ஒரு நாள் உயிர்ச்சேதத்தில் நகர்ந்த தூரம் கண்ணுக்கு உறைக்கும்.

ஒன்பதாம் படி: பெயர்களை எண்ணுங்கள்

நாட்குறிப்பில் உள்ள இழப்பு எண்ணிக்கை தற்காலிகமானது. சரிபார்க்க, மெம்வார் தேஸ் ஓம் தளத்தில் 'பிரான்சுக்காக இறந்தவர்' அட்டைகள் இருக்கின்றன, 13 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, ரெஜிமென்ட், பிறந்த ஊர், இறந்த தேதி, இடம், காரணம். பெயர் தெரியாவிட்டாலும் ரெஜிமென்ட்டையும் தேதியையும் வைத்துத் தேடலாம். பிறந்த ஊர் புதுச்சேரி, காரைக்கால் என்று இருக்கும் அட்டைகளும் இந்தத் தொகுப்பிலேயே உண்டு. ஒருவரின் முழு ராணுவ வாழ்க்கை வேண்டுமென்றால், அவர் பதிவான மாவட்டத்தின் ஆவணக்காப்பகத்தில் 'மாத்ரிக்குல்' எனப்படும் ராணுவச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். ரூவான், லெ ஆவ்ர் ஆட்களுக்கு இன்று சேன்-மரித்திம் எனப்படும் மாவட்டம், கான் ஆட்களுக்குக் கல்வதோஸ்.

காணாமல் போனவர்கள்தான் கடினம். மே 24க்குப் பிறகு 'திஸ்பாரு' என்று எழுதப்பட்ட ஒருவர் ஜெர்மனியில் கைதியாக இருந்திருக்கலாம், துவோமோன் மண்ணுக்குள்ளும் இருந்திருக்கலாம். கைதிகளுக்கு ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கத்தின் 1914-1918 அட்டைக்குறிப்புகள் இணையத்தில் உள்ளன, அங்கே ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் திரும்ப வந்து அவரது இறப்பு அட்டையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைச் சொந்த ஊர் நீதிமன்றம் தீர்ப்பாக அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பின் தேதியும் நீதிமன்றத்தின் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கும். பல அட்டைகளில் அது போர் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்த தேதி. அவர்களையும் உங்கள் மே 22 கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், தீர்ப்புத் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வீட்டில் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது.